பூச்சிக்குள் குடியிருக்கும் பாக்டீரியா: வாசகர் கேள்வி பதில்

டெங்கியைக் கட்டுப்படுத்தச் சிங்கப்பூரில் நடக்கும் கொசு விடுவிப்புப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியாவைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். வேறு சிலர் மாவுப்பூச்சி, அரிசி வண்டு, உண்ணிக் காய்ச்சல் என்று வெவ்வேறு திசைகளிலிருந்து அதே பொருளைத் தொட்டிருந்தார்கள். எனவே இம்மாதப் பக்கம் முழுவதையும் பூச்சிகளின் உடலுக்குள் வாழும் பாக்டீரியாக்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலும் மாடித் தாழ்வாரங்களிலும் அதிகாரிகள் வந்து கொசுக்களை விட்டுச் செல்கிறார்கள். வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான். கொசுவுக்குள் இருக்கும் பாக்டீரியா அவனைத் தாக்காதா? கொசுவை ஒழிப்பதற்குக் கொசுவையே விடுவது எப்படிச் சரியாகும்?
— யீஷூன் வாசகி

முதலில் பேரனைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். விடப்படுபவை ஆண் கொசுக்கள். ஆண் கொசு கடிக்காது. தோலைத் துளைக்கும் வாயமைப்பே அதற்கு இல்லை. பூந்தேனையும் செடிச் சாற்றையும் குடித்துச் சில நாள்களே வாழ்ந்து மடியும். அதற்குள் இருக்கும் வோல்பாக்கியா பூச்சி, சிலந்தி, உண்ணி, சில வகைப் புழுக்கள் ஆகியவற்றின் உயிரணுக்களுக்குள்தான் வாழும். மனிதர், நாய், பூனை, பறவை போன்ற முதுகெலும்புள்ள உயிர்களின் உடலில் அது வாழ்வதில்லை. இந்தப் பாக்டீரியா நமக்குப் புதியதும் அன்று. பூச்சி இனங்களில் ஏறத்தாழ பாதியில் அது இயற்கையாகவே இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். வாழைப்பழத்தைச் சுற்றும் பழ ஈயிலும் தோட்டத்து வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றிலும், ஏன், பூங்காக்களில் நம்மைக் கடிக்கும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவிலும் அது உண்டு. டெங்கியை அதிகம் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில்தான் அது இயற்கையாக இல்லை. திட்டம் முழுவதும் இந்த ஒரு குறையின் மீதுதான் நிற்கிறது.

1924ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் மார்ஷல் ஹெர்டிக், சிமியோன் வோல்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் சாதாரண வீட்டுக் கொசுவின் இனப்பெருக்க உறுப்புகளில் இந்தப் பாக்டீரியாவைக் கண்டார்கள். அது என்ன செய்கிறது என்பது நெடுங்காலம் புரியாமலே இருந்தது. 1971இல்தான், சில கொசுக்கள் தமக்குள் இணைந்தாலும் முட்டை பொரியாமல் போவதற்கு இதுவே காரணம் என்று கண்டறிந்தார்கள். வோல்பாக்கியா தாயின் கருமுட்டை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. விந்தணுவில் அதற்கு இடமில்லை. ஆகவே ஆண் பூச்சியின் உடலுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு வாரிசு கிடையாது. ஆனால் அந்த ஆண் வழியாகவே தன் இனத்துக்கு அது உதவிவிடுகிறது. விந்தணு உருவாகும்போதே அதில் ஒரு மாற்றத்தைச் செய்துவிடுகிறது; அந்த மாற்றத்தைச் சரிசெய்யும் பொருள், அதே வகை வோல்பாக்கியா உள்ள கருமுட்டையில் மட்டுமே இருக்கிறது. இதற்குக் காரணமான மரபணுக்கள் 2017இல் அடையாளம் காணப்பட்டன. வோல்பாக்கியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணுடன் இணைந்தால் கரு தொடக்கத்திலேயே சிதைந்து, முட்டை பொரிக்காது. வோல்பாக்கியா உள்ள பெண்ணுக்கோ, அதே வகை உள்ள ஆணுடன் இணைந்தாலும் அது இல்லாத ஆணுடன் இணைந்தாலும் குஞ்சு பொரிக்கும். நாளடைவில், பாக்டீரியாவைச் சுமக்கும் பெண்களின் வழித்தோன்றல்களே பெருகும்.

ஏடிஸ் அல்போபிக்டஸிலிருந்து எடுத்த ஒரு வகை வோல்பாக்கியாவை ஏடிஸ் எஜிப்தியின் முட்டைகளுக்குள் நுண்ணூசியால் செலுத்தி, தலைமுறை தலைமுறையாக நிலைக்கச் செய்யலாம் என்று 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற வாரியம் பயன்படுத்துவதும் அதே வகையைத்தான். வாரியத்தின் கொசு உற்பத்திக் கூடம் அங் மோ கியோவில் இருக்கிறது. களச்சோதனைகள் 2016இல் பிராடல் ஹைட்ஸ், தெம்பனிஸ், நீ சூன் வட்டாரங்களில் தொடங்கின. ஏடிஸ் எஜிப்திப் பெண் கொசு பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே முறைதான் இணைகிறது. அந்த விந்தணுக்களைச் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்து முட்டையிடுகிறது. விடப்பட்ட ஆணுடன் ஒருமுறை இணைந்துவிட்டால், அது பிறகு இடும் முட்டைகள் எல்லாமே வீண். அதனால்தான் ஆண் கொசுக்களைப் பெருமளவில், தொடர்ந்து விடவேண்டியிருக்கிறது. நிறுத்தினால், மீந்திருக்கும் கொசுக்களிலிருந்து கூட்டம் மீண்டும் பெருகும்.

பலன் உண்டா என்று கேட்பது நியாயமே. ஓராண்டு அல்லது அதற்கு மேல் விடுவிப்பு நடந்த இடங்களில் ஏடிஸ் எஜிப்தி கொசுக்கள் 80 முதல் 90 விழுக்காடு வரை குறைந்ததாகவும், அங்கு வசிப்போருக்கு டெங்கி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 75 விழுக்காடு குறைந்ததாகவும் வாரியம் தெரிவித்துள்ளது. 2020ஆம் ஆண்டு ஒன்றிலேயே இங்கு 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்டதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்களின் மதிப்புப் புரியும். ஆயினும் இந்த முறை ஏடிஸ் எஜிப்திக்கு மட்டுமே பொருந்தும். வடிகாலிலிருந்து இரவில் வந்து கடிக்கும் கொசுவையோ பூங்காக் கொசுவையோ இது தொடாது. ஆகவே பூந்தொட்டித் தட்டிலும் குளியலறை வாளியிலும் தேங்கும் தண்ணீரைக் கொட்டும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

விடுவித்த நாளில் கொசு அதிகமாகத் தென்படும், அவை நம்மைச் சுற்றியும் பறக்கும். பெண் கொசு நம்மைத் தேடி வரும் என்பதால் ஆண் அங்கே காத்திருக்கிறது. கையில் ஒன்று அகப்பட்டால் அதன் உணர்கொம்பைப் பாருங்கள். இறகு போல் அடர்ந்து விரிந்திருந்தால் அது ஆண்.

பெண் கொசு ஒன்றிரண்டு தவறிக் கலந்து போனால் என்ன ஆகும்? இந்தோனேசியாவில் வேண்டுமென்றே பெண் கொசுக்களையும் விடுகிறார்கள் என்று படித்தேன். நாம் ஏன் அப்படிச் செய்யவில்லை?
— தெம்பனிஸ் வாசகர்

மிகவும் சரியான இடத்தில் கேள்வி எழுப்பியிருக்கிறீர்கள். வோல்பாக்கியா உள்ள பெண் கொசு வெளியே நிலைபெற்றுவிட்டால், அதன் பெண் குஞ்சுகள் எல்லாமே அந்தப் பாக்டீரியாவைச் சுமக்கும். அவை விடப்படும் ஆண்களுடன் இணைந்தால் முட்டைகள் பொரித்துவிடும். பிறகு எத்தனை ஆண்களை விட்டாலும் பயன் இருக்காது. எனவே கூட்டுப்புழுப் பருவத்திலேயே ஆணைவிடப் பெரிதாக இருக்கும் பெண்ணைப் பிரித்தெடுப்பதோடு, தப்பியவையும் மலடாகும் வகையில் குறைந்த அளவு எக்ஸ்-கதிரும் செலுத்தும் முறை இங்கு கையாளப்படுகிறது. அந்த அளவு பெண்ணை மலடாக்கப் போதுமானது. ஆணின் சுறுசுறுப்பை அது பெரிதாகக் கெடுப்பதில்லை.

நீங்கள் படித்தது யோக்யகர்த்தா நகரத்து முயற்சியாக இருக்கவேண்டும். அங்கு நோக்கமே வேறு. பழ ஈயிலிருந்து எடுத்த வேறொரு வகை வோல்பாக்கியாவை ஏற்றி, ஆண், பெண் இரண்டையும் வெளியிட்டு, ஊரிலுள்ள கொசுக் கூட்டம் முழுவதையும் வோல்பாக்கியா உள்ளதாக மாற்றிவிடுகிறார்கள். அந்தப் பாக்டீரியா இருக்கும் கொசுவின் உடலில் டெங்கிக் கிருமி எளிதில் பெருகுவதில்லை. கொசு இருக்கும், கடிக்கும், ஆனால் நோயைப் பரப்புவது அரிதாகும். 2011இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் முதலில் செய்து பார்த்த முறை அது. யோக்யகர்த்தாவில் நடந்த ஆய்வு, டெங்கி 77 விழுக்காடு குறைந்ததாக 2021இல் அறிவித்தது. ஒருமுறை நிலைபெற்றுவிட்டால் செலவு குறைவு என்பது அதன் பெரிய சிறப்பு. பல்லாண்டு உழைப்பால் கொசுக் கூட்டத்தை ஏற்கெனவே சிறிதாக்கி வைத்திருக்கும் சிங்கப்பூரில், வீட்டுக்கு வீடு கொசுவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடிக்கும் கொசுவை விடுவது பொருந்தாது என்பதே எங்கள் கருத்தும்.

தாழ்வாரத்தில் வைத்திருக்கும் செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி, கூடவே எறும்பு. கறிவேப்பிலைத் தளிரும் சுருண்டு போகிறது. மாவுப்பூச்சி தன் உடலில் உள்ள பாக்டீரியாவை நம்பித்தான் வாழ்கிறது என்று எங்கோ படித்தேன். அப்படியானால் ஆண்டிபயாட்டிக் மாத்திரையைக் கரைத்துத் தெளித்தால் போதாதா?
— செங்காங் வாசகி

வேண்டாம். மாத்திரைகளை இலையில் தெளிப்பதால் மாவுப்பூச்சி உடனே சாகாது. தொட்டி மண்ணிலும் வடிகாலிலும் மருந்துக்கு அசையாத கிருமிகள் வளர வழி செய்வீர்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் தண்டையும் இலையடியையும் துடைத்தெடுத்து, எறும்பு ஏறும் வழியை மறித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனால் நீங்கள் படித்த செய்தி உண்மை, அதைவிட ஆழமானதும்கூட. மாவுப்பூச்சி குடிப்பது செடியின் சாறு. அதில் சர்க்கரை ஏராளம். உடலை வளர்க்கத் தேவையான அமினோ அமிலங்களில் பல மிகக் குறைவு. பூச்சியால் அவற்றைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. அதிகப்படியான சர்க்கரையை அது தேன்துளியாக வெளியேற்றுவதால்தான் எறும்பு வருகிறது. குறைவான அமினோ அமிலங்களைத் தயாரித்துக் கொடுப்பதற்கு அதன் உடலில் தனி உறுப்பொன்று இருக்கிறது, அதன் உயிரணுக்களுக்குள் பாக்டீரியா நிறைந்திருக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் மாவுப்பூச்சியை ஆராய்ந்தவர்கள் 2001இல் கண்டது இன்னும் வியப்பானது: டிரெம்ப்ளேயா என்ற பாக்டீரியா பூச்சியின் உயிரணுவுக்குள் வாழ்கிறது, மோரனெல்லா என்ற மற்றொரு பாக்டீரியா அந்த டிரெம்ப்ளேயாவுக்குள்ளேயே வாழ்கிறது. ஒரே அமினோ அமிலத்தை உருவாக்கும் படிகளில் சிலவற்றுக்கான மரபணு ஒன்றிடம், சிலவற்றுக்கானது மற்றொன்றிடம், எஞ்சியவை பூச்சியின் சொந்த மரபணுத் தொகுதியில். மூன்றில் எது இல்லாவிட்டாலும் உற்பத்தி நின்றுவிடும். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 46 லட்சம் எழுத்துகள் நீளம் என்றால், டிரெம்ப்ளேயாவினுடையது ஏறத்தாழ 1,39,000 எழுத்துகள்தான். பூச்சியின் உடலுக்கு வெளியே அது வாழவே முடியாது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தாயிடமிருந்து முட்டைக்கு மட்டுமே சென்றுவந்ததால், தனித்து வாழ உதவும் மரபணுக்களை அது ஒவ்வொன்றாக இழந்துவிட்டது.

கறிவேப்பிலைத் தளிரில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சில்லிட் என்ற சிறு பூச்சியாக இருக்கும். இளம் பருவத்தில் வெண்ணிற நூல் போன்ற கழிவை விட்டுச் செல்லும். அதனுள்ளும் இத்தகைய கூட்டாளிகள் உண்டு. கார்சனெல்லா என்பது உணவுக்கு. புரோஃப்டெல்லா என்பது நச்சுப்பொருள் ஒன்றைத் தயாரிக்கிறது, அது பூச்சியைப் பாதுகாப்பதாகக் கருதப்படுகிறது. சுருண்ட தளிர்களை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கறிவேப்பிலை மறுபடியும் துளிர்த்துவிடும்.

மூட்டைப்பூச்சியிலும் வோல்பாக்கியா இருக்கிறதாமே? அதை வைத்து மூட்டைப்பூச்சியை ஒழிக்க முடியாதா?
— கேலாங் வாசகர்

இருக்கிறது, ஆனால் அங்கு அதன் வேலை வேறு. மூட்டைப்பூச்சிக்கு இரத்தம் ஒன்றே உணவு. இரத்தத்தில் பி வகை வைட்டமின்கள் போதாது. அந்தக் குறையை வோல்பாக்கியா தீர்க்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். பாக்டீரியாவை நீக்கிவிட்டால் பூச்சியின் வளர்ச்சி தடைபடுகிறது, இடும் முட்டைகள் பொரிப்பதும் குறைகிறது. பி வைட்டமின் கலந்த இரத்தம் கொடுத்தால் மீண்டும் தேறுகிறது. கொசுவில் இனப்பெருக்கத்தைக் குலைத்துத் தன்னைப் பரப்பிக்கொள்ளும் அதே பாக்டீரியா, இங்கே தான் குடியிருக்கும் பூச்சிக்கு இன்றியமையாததாகிவிட்டது. மெத்தை விளிம்புகளுக்கு இப்போதைக்குச் சூடுதான் நம்பகமான வழி.

அரிசி டப்பாவில் வரும் வண்டுகளில் சில செம்பழுப்பாகவும் சில கறுப்பாகவும் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு இனமா?
— உட்லண்ட்ஸ் வாசகி

ஒரே இனமாகவே இருக்கலாம், வயதுதான் வேறு. அரிசி மணிக்குள்ளிருந்து அண்மையில் வெளிவந்தது செம்பழுப்பாக, மென்மையாக இருக்கும். ஓடு கெட்டிப்படும்போது கறுக்கும். அந்த ஓட்டுக்குத் தேவையான டைரோசின் போன்ற அமினோ அமிலங்களை, வண்டின் குடலோரத்தில் வாழும் பாக்டீரியா உருவாக்கித் தருகிறது. அந்த நாள்களில் பாக்டீரியாவின் எண்ணிக்கை பல மடங்கு பெருகுகிறது. ஓடு முற்றியதும் வண்டு அந்தப் பாக்டீரியாக்களைத் தன் உயிரணுக்களுக்குள்ளேயே சிதைத்து, சத்தாக்கிக்கொள்கிறது. குடலில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பெண் வண்டின் சினைப்பையில் மட்டும் அவை காப்பாற்றப்படுகின்றன, அடுத்த தலைமுறைக்காக. 2014இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பைப் படித்த நாளிலிருந்து அரிசி வண்டை எங்களால் வெறும் தொல்லையாகப் பார்க்க முடியவில்லை. அரிசியை இரண்டு மூன்று நாள் உறைபெட்டியில் வைத்தால் வண்டும் முட்டையும் மடியும்.

வேலூரில் இருக்கும் என் மாமியாருக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்க்ரப் டைபஸ் என்றார்கள். மகன் தேசிய சேவையில் காட்டுப் பயிற்சிக்குப் போகிறவன் என்பதால் கவலையாக இருக்கிறது. இதுவும் பூச்சிக்குள் வாழும் பாக்டீரியா தானா?
— சுவா சூ காங் வாசகி

ஆம். மாமியார் நலமாகிவிட்டார் என்று நம்புகிறோம். இதைப் பரப்புவது நாய் மீது ஒட்டும் பெரிய உண்ணி அன்று. லெப்டோட்ராம்பிடியம் என்ற மிகச் சிறிய சிற்றுண்ணி. முட்டையிலிருந்து வெளிவந்த இளம் பருவத்தில் மட்டும், அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு முறை, எலியையோ மனிதரையோ பற்றித் திசு நீரை உண்கிறது. வளர்ந்த பிறகு மண்ணில் வாழ்ந்து, பூச்சிகளின் முட்டை போன்றவற்றைத் தின்கிறது. ஒரு முறைதான் கடிக்கும் என்றால், கடிக்கும்போதே அதனிடம் நோய்க்கிருமி இருந்தாக வேண்டும். ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற அந்தப் பாக்டீரியா தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்கு இறங்குகிறது. நமக்கு அது நோய். உண்ணிக்கோ பிறவித் துணை. அது குடியிருக்கும் சில உண்ணிக் குடும்பங்களில் குஞ்சுகள் பெரும்பாலும் பெண்ணாகவே பிறக்கின்றன. தாய்வழி மட்டுமே பயணிக்கும் பாக்டீரியாவுக்கு ஆண் குஞ்சால் பயன் இல்லை என்று மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

இதன் உச்சத்தைத் தேயிலை, எலுமிச்சை, ஆர்க்கிட் செடிகளில் வாழும் பிரெவிபால்பஸ் என்ற தட்டையான செஞ்சிற்றுண்ணியில் காணலாம். அந்தக் குடும்பத்தில் கருவுறாத முட்டை ஒற்றைத் தொகுதிக் குரோமோசோமுடன், அதாவது தந்தையின் பங்கு இல்லாமல் தாயிடமிருந்து வந்த ஒரு தொகுதியுடன் மட்டும், ஆணாக வளரவேண்டும். ஆனால் கார்டினியம் என்ற பாக்டீரியா அதைப் பெண்ணாக மாற்றிவிடுகிறது. அந்தப் பெண் ஆணின்றியே முட்டையிட்டு மீண்டும் பெண்களையே ஈனுகிறது. ஒற்றைத் தொகுதிக் குரோமோசோமுடன் பெண்களாக மட்டுமே வாழும் விலங்கினம் ஒன்று உண்டு என்று 2001இல் இதன் வழியாகத்தான் முதன்முதலில் தெரியவந்தது. ஆண்டிபயாட்டிக் கொடுத்துப் பாக்டீரியாவை அழித்தபோது ஆண்கள் பிறந்தன.

மகனைப் பற்றி: முழுக்கை, முழுக்கால் உடை, பூச்சி விரட்டி, புல்தரையில் நேரடியாகப் படுக்காமை ஆகியவை போதுமான பாதுகாப்பு. காட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ திரும்பிய இரண்டு வாரங்களுக்குள் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்து, இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு போன்ற மறைவான இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு தென்பட்டால், எங்கே போயிருந்தான் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லவேண்டும். டாக்ஸிசைக்கிளின் இதற்கு நன்றாகக் கேட்கும். குளோரம்ஃபெனிகால் என்ற மருந்து இந்த நோயைத் தீர்க்கும் என்று 1948இல் முதன்முதலாகக் காட்டப்பட்டது நம் பக்கத்துக் கோலாலம்பூரில்தான்; அதற்கு முன் இந்தக் காய்ச்சலுக்கு உரிய மருந்தே இல்லை.

நான் உயர்நிலை மூன்றில் படிக்கிறேன். பள்ளி நுண்நோக்கியில் இந்தப் பாக்டீரியாக்களைப் பார்க்க முடியுமா?
— புக்கிட் பாத்தோக் மாணவர்

தனித்தனிப் பாக்டீரியாவைச் சாயமேற்றாமல் தெளிவாகப் பார்ப்பது கடினம். அவை குடியிருக்கும் உறுப்பைப் பார்க்கலாம், அதற்குப் பூச்சியை அறுக்கவும் வேண்டாம். மிளகாய், கத்தரி, கொய்யாச் செடிகளின் இலையடியில் வெள்ளை ஈயின் இளம் பருவம் நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். நீள்வட்டமாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, மீன் செதில் போல் தட்டையாக இருக்கும். இலைத் துண்டோடு எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலிருந்து விளக்கொளி விழும்படி குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். உடல் ஒளி ஊடுருவும் தன்மையுடையது. வயிற்றுப் பகுதியில் இடமும் வலமும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் இரண்டு திட்டுகள் தெரியும். அவைதான் போர்டியேரா என்ற பாக்டீரியா நிறைந்த உறுப்புகள். கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு வகைப் பொருளைத் தயாரிக்கும் மரபணுக்கள் போர்டியேராவிடம் இருக்கின்றன. கண் சிவப்பாகத் தெரியத் தொடங்கிய முதிர்ந்த பருவத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உள்ளே இறகு உருவாகிவிட்டால் திட்டுகள் மறைந்துவிடும். நீங்கள் பார்த்ததை வரைந்து, எந்தச் செடியிலிருந்து எடுத்தது என்ற குறிப்புடன் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.